ஏழாவது வீடியோ: மேட்டில் வண்டி எடுப்பது

அன்று அந்த மேட்டில் நின்றவர்கள் நான்கு பேர். லேர்னர்ஸ் முதலாளி, அவருடைய இளைய மகள், ஓட்டப் பழக வந்த டீச்சர், நான். எதிரே பலசரக்குக் கடை வாசலில் நின்று பார்த்தவரையும் சேர்த்தால் ஐந்து. ஆனால் அவர் பாதியிலேயே உள்ளே போய்விட்டார். அவர் எதையும் பார்த்திருக்க முடியாது என்பதை, பிறகொரு நாள் அந்தக் கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கி, அவர் நின்ற இடத்தில் நின்று குடித்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் வாகனம் ஓட்டப் பழக்கும் இடத்தை லேர்னர்ஸ் என்றுதான் சொல்வோம். அக்குறணையில் மாத்தளை வீதியோரமாக இருக்கிற ஒரு லேர்னர்ஸில் பதினொரு வருடமாக நான் ஓட்டப் பழக்குகிறேன். வேலைக்கு வர, வீடு இருக்கிற வத்தேகமயிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் பெயர் போட்டு அரசாங்க முத்திரை குத்திய ஒரே தொழில் கடதாசி, பழக்குவதற்கான அனுமதிப் பத்திரம். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு நிலையான சம்பளம் கிடையாது. எத்தனை பாடம் ஓட்டினேனோ அத்தனைக்குக் காசு. மாத முடிவில் முதலாளி கூட்டித் தருவார்.

அதனால்தான், ஒரு காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு வீடியோ என்று ஆரம்பித்ததும் நான் மனதுக்குள் பாடக் கணக்குப் போடத் தொடங்கினேன்.

"தம்பி, மகள் ஒரு வேல செய்யப் போறா. சின்னச் சின்ன வீடியோ. ரெண்டு ரெண்டு நிமிஷம். படிக்க வாற ஆக்கள் வீட்ட இருந்தே பாத்துட்டு வந்தா, இங்க வாறப்பவே பாதி படிச்ச மாதிரிதானே? நீ தெரிஞ்சதெல்லாம் அவவுக்குச் செல்லிக் குடு."

பாதி படித்துவிட்டு வருவார்கள் என்றால் பாதிப் பாடம் போதும். பாதிப் பாடம் போதும் என்றால் பாதி நான் போதும். அதற்கு முந்தைய மாதம்தான் எங்களோடு இருந்த இன்னொரு பழக்குநர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் இடத்துக்கு முதலாளி ஆள் தேடவில்லை. ஏன் தேடவில்லை என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது போல இருந்தது. "தெரிஞ்சதெல்லாம்" என்று அவர் சொன்ன விதமும் எனக்குப் பிடிக்கவில்லை.

மகளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். படித்த பிள்ளை. சத்தம் போடாத பிள்ளை. சத்தம் போடாதவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம். ஒரு கொப்பியை எடுத்து, பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதுக்குக் கேட்பது. மொத்தம் பன்னிரண்டு வீடியோ. சீட்டைச் சரிசெய்வது ஒன்று. கண்ணாடிகள் ஒன்று. கிளச் ஒன்று. இப்படியே போய், ஏழாவது, மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எடுப்பது.

"அண்ணன், கிளச் பிடிக்கிற இடம் வந்திட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அதான் எப்படி?"

பதினொரு வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சத்தம் கொஞ்சம் தாழும், பொனட் ஒரு விரல் அளவு எழும்பும், சீட்டுக்குக் கீழே ஒரு நடுக்கம் வரும் என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். அவள் எழுதினாள். நான் சொல்லச் சொல்ல எனக்குள்ளிருந்து ஏதோ குறைவது போலவும், அந்தக் கொப்பி தடிப்பது போலவும் இருந்தது. சிலதை நீலப் பேனையால் எழுதினாள், சிலதைச் சிவப்பால். சிவப்பு என் பிழைகளுக்குத்தான் என்று நினைத்தேன். அவள் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் எட்டிப் பார்த்தேன். கமராவைக் கிட்டக் கொண்டுபோக வேண்டிய இடங்களை மட்டும் சிவப்பால் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகும் நான் முழுக்க நம்பவில்லை. எழுதுகிற விதம் எழுதுகிறவருக்குத்தானே தெரியும்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு வீடியோவுக்கு ஒரு விஷயம்தான். அது எனக்குச் சரிவரவேயில்லை. கண்ணாடியைப் பற்றிச் சொல்லும்போது மழையைப் பற்றிச் சொல்லாமல் எப்படி விடுவது? மழையைச் சொன்னால் டயரைச் சொல்ல வேண்டும். டயரைச் சொன்னால், கலகெதரப் பக்கம் ஒரு வேன் வழுக்கியதைச் சொல்ல வேண்டும்.

"அண்ணன், நீங்க சொல்ற எல்லாத்தையும் போட்டா மனுசன் வண்டியில ஏறவே மாட்டாரு," என்றாள். "பஸ்ஸுல போய்க்குவாரு."

ஆறு வீடியோ முடிந்தது. ஒவ்வொன்றையும் போட்ட பிறகு, அந்த வாரம் எனக்கு எத்தனை பாடம் வந்தது என்று எண்ணினேன். குறையவில்லை. ஒரு வாரம் இரண்டு கூடவும் செய்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. கடைசியாகக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வெட்டுவார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். "ஒங்களுக்குக் கூடினாலும் குத்தம், கொறைஞ்சாலும் குத்தம்" என்றாள்.

ஏழாவதுக்கு அலவத்துகொடப் பக்கம் ஒரு குறுக்குப் பாதையைத் தெரிவுசெய்தோம். நல்ல ஏற்றம், வாகனம் குறைவு. ஓட்டுகிற ஆளாக டீச்சர் வந்தார். கட்டுகஸ்தோட்டையில் வீடு. வத்தேகமக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். கணவர் கட்டாருக்குப் போக முந்தி ஒரு சின்னக் கார் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அது ஒரு வருடமாகத் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. டீச்சர் இரண்டு பஸ்ஸும் ஒரு முச்சக்கரமுமாக அலைந்துகொண்டிருந்தார். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னைச் சார் என்பார். பள்ளிக்கூடத்தில் டீச்சர்மாரைக் கண்டு ஒளிந்தவன் நான். என் பக்கத்தில் ஒரு டீச்சர் நான் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் கூச்சமாக இருக்கும்.

மகள் ஒரு போனை ஸ்டியரிங்குக்குக் கீழே, டீச்சரின் கால்கள் மட்டும் தெரிகிற மாதிரிக் கட்டினாள். இன்னொன்றைப் பாதையோரத்தில், பின் டயரும் பின்பக்கமும் தெரியும்படி கம்பியில் நிறுத்தினாள். பின் டயருக்கு நேரே சோக்கட்டியால் பாதையில் ஒரு கோடு இழுத்தாள். டயர் கோட்டுக்குப் பின்னால் போகாமல் முன்னால் போக வேண்டும். பார்க்கிறவருக்கு ஒரு சொல்லும் தேவையில்லை. அந்த யோசனையை நான் மனதுக்குள் மெச்சினேன், வெளியே சொல்லவில்லை.

முதலாளி காருக்குப் பின்னால், கொஞ்சம் கீழே போய் நின்றார். கீழிருந்து வருகிற வாகனங்களை நிறுத்தவாம்.

"முதலாளி, ஓரமா நில்லுங்க."

"நான் இங்க நின்டாத்தான் வாறவன் பாப்பான். நீ உன்ட வேலையப் பாரு."

முதல் மூன்று தடவையும் டயர் கோட்டைத் தாண்டிப் பின்னால் போனது. டீச்சருக்கு வேர்த்து ஊற்றியது. மூன்றாம் தடவை முதலாளி ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். ஒரே ஒரு எட்டு. அதற்கு மேல் நகரவில்லை. நான் பக்கக் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காசு தருகிற மனிதர் என் வண்டிக்குப் பின்னால் நிற்கிறார். வண்டியைப் பிடித்திருப்பதோ ஒரு டீச்சருடைய கால்.

பழக்கும் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நான்காம் தடவை என் கால் அதன் மேல் போனது. தானாகப் போனது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான்தான் வைத்தேன். டீச்சர் கிளச்சைப் பாதி விட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் அசையவில்லை, ஏனென்றால் நான் பிடித்திருந்தேன். அவர் அக்ஸலரேட்டரை மிதிக்க மிதிக்க நான் மெதுவாக விட்டேன். பதினொரு வருடக் கால் அது. பூப் போல விட்டது. கார் அப்படியே மேலேறியது. டயர் கோட்டுக்குப் பின்னால் ஒரு நூல்கூடப் போகவில்லை.

முதலாளி கை தட்டினார். மகள் தட்டினாள். டீச்சர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். "சார், நான்தானா செஞ்சேன்?" என்று கேட்டார்.

"நீங்கதான் டீச்சர்," என்றேன்.

வீடியோவை அன்று மாலையே போட்டுவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். கால்களைக் காட்டும் பகுதியில் என் பக்கம் தெரியவில்லை. மூச்சு வந்தது. பிறகு பின்பக்கத்தைக் காட்டும் பகுதி. டீச்சர் பிரேக்கை விட்டு அக்ஸலரேட்டரை மிதிக்கிற சத்தம் கேட்ட பிறகும் பின் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. நான் காலை எடுக்கும் வரைக்கும் எரிந்தன. இரண்டு செக்கன் இருக்கலாம். என் கண்ணுக்கு அது கோயில் கோபுரத்துக் குழல் விளக்கு மாதிரித் தெரிந்தது.

அன்றே முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை எடுப்போம் என்று ஒரு வசனம், அவ்வளவுதான். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பழக்குகிறவனே பழகுகிறவரை நம்பாமல் கள்ளப் பிரேக் பிடித்தான் என்று ஆகும். வெட்டுவதற்குக் காரணம் தேடுகிறவருக்கு நானே காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்ததாக ஆகும். அடுத்த பாடத்துக்கு வந்தவரைக் கூட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதப்பட்டவற்றை எழுத்துக் கூட்டி வாசித்தேன். "நல்ல விளக்கம்." "மாஷா அல்லாஹ்." "எனக்கும் இதுதான் பிரச்சினை, நன்றி." சிங்களத்தில் யாரோ ஏதோ எழுதியிருந்தார்; அதை பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரிடம் காட்டிக் கேட்டேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறாராம். ஒரு நாள் ஒருவர் சிவப்பு நிறத்தில் ஒரு வட்டப் பொட்டை மட்டும் போட்டிருந்தார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆள் எல்லா வீடியோவுக்கும் அதையே போட்டிருக்கிறார் என்று பிறகுதான் கண்டேன்.

இதற்கிடையில் டீச்சர் ட்ரயலில், அதுதான் லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டும் பரீட்சையில், பாஸானார். அன்று அவரை ஓட்டச் சொன்ன பாதையில் சொல்லும்படியான மேடு எதுவும் இருக்கவில்லை. அலுவலகத்துக்கு ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து தந்தார். என் துண்டைக் கடதாசியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் தின்னவில்லை.

மூன்று வாரம் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். கேக் பெட்டி இல்லை. முதலாளி மேசையில் இருந்தார், மகள் பக்கத்தில் அடுத்த வீடியோவுக்குக் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசல் பக்கத்துக் கதிரையில். டீச்சர் உட்காரவில்லை.

முந்தின நாள் சொந்தக் காரில் தன் சின்ன மகளை ஏற்றிக்கொண்டு வெளியே போயிருக்கிறார். வீட்டுக்குப் போகிற சந்து செங்குத்து. பாதியில் எதிரே ஒரு வேன் வந்தது, நிறுத்தினார். வேன் போன பிறகு, வீடியோவில் செய்தபடியே கிளச்சைப் பாதி விட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் பின்னால் உருண்டது. பதறியதில் பிரேக்குக்குப் பதிலாகக் கிளச்சை முழுக்க மிதித்துவிட்டார்; கார் வளைவில் இருக்கிற மதகுச் சுவரில் போய் மோதி நின்றது. பின் சீட்டில் இருந்த பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. டிக்கிக் கதவு மடிந்துபோனது, ஒரு பக்க விளக்கும் பம்பரும் இல்லை. காருக்கு இருப்பது மற்றவர்களுக்கு ஆகிற சேதத்துக்கான இன்சூரன்ஸ் மட்டும்தான். சொந்தக் காருக்கு ஒரு சதம் கிடைக்காது.

"டீச்சர் பயந்துட்டீங்க," என்றார் முதலாளி. "பயம் வந்தா காலு நம்மட பேச்சக் கேக்காது."

"அப்படித்தான் இருக்கும்." டீச்சர் போனை மேசையில் வைத்து வீடியோவைப் போட்டார். "பத்து தடவை பார்த்துட்டேன். இது என் காலுதானே? இங்க சரியாச் செய்யுது. என் வீட்டு வாசல்ல செய்ய மாட்டேங்குது. எனக்கு இது சரிவராதுங்க. வண்டிய வித்துரலாம்னு ராத்திரி போன்ல எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் வந்த நினைப்பை மறைக்காமல் எழுதுகிறேன். டீச்சருக்கு எல்லாம் தெரியும், என் வாயால் வரவழைக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முதலாளிக்கும் தெரியும், முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூவரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலாளி ஆறுதல் சொல்கிற முகத்தோடு இருந்தார். டீச்சர் அழப் போகிறவர் போல இருந்தார். மகள் மட்டும் எழுந்து, குனிந்து, போனுக்கு மிகக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள்.

"இன்னொருக்காப் போடுங்க டீச்சர்," என்றாள்.

"சிவப்பு லைட்டப் பாருங்க," என்றேன் நான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பின் லைட். டீச்சர் கால எடுத்த பொறகும் எரியுது. நான் என் பக்கத்து பிரேக்கப் பிடிச்சிருந்தேன்."

வீடியோ தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது. அன்று முதலாளியும் மகளும் தட்டிய கைதட்டல் அதற்குள்ளிருந்து கேட்டது. முதலாளி தொப்பியைக் கழற்றினார், தடவிவிட்டு மறுபடி போட்டார்.

"எனத்துக்கு?"

"நீங்க பின்னுக்கு நின்னீங்க முதலாளி."

"அப்ப என்ட உசிரக் காப்பாத்தத்தானா?"

"ஆமா முதலாளி."

"டீச்சர நீ நம்பல்ல?"

"நம்பல."

டீச்சர் அழுதுவிடுவார் என்று பார்த்தேன். அவர் கதிரையை இழுத்து அப்போதுதான் உட்கார்ந்தார். "அப்ப என் காலுல கோளாறு இல்ல," என்றார். "சார், இத மூணு கிழமைக்கு முந்திச் சொல்லியிருந்தா என் டிக்கி மிஞ்சியிருக்கும்." குரலில் கோபம் இருந்தது. ஆனால் காரை விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மகள் கண்டுபிடித்துவிடப் போகிறாள் என்ற பயத்தில் சொன்னேனா, டீச்சர் காரை விற்றுவிடக் கூடாது என்று சொன்னேனா, இன்றுவரை எனக்கே தெரியாது. ஒரு நாள் மகளிடம் கேட்டேன், அன்றைக்கு அப்படிக் குனிந்து எதைப் பார்த்தாய் என்று. "டீச்சர்ட போன் கண்ணாடி வெடிச்சிருந்திச்சு அண்ணன், படம் தெரியல்ல," என்றாள். அவள் சொன்னதை நம்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வீடியோவை அன்றே எடுத்துவிட்டார்கள். அடுத்த கிழமை அதே மேட்டில் மறுபடி எடுத்தோம். டீச்சரே வந்தார். இந்த முறை மகள் மூன்றாவது போன் ஒன்றை என் பக்கத்துக்கும் வைத்தாள். நான் இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிச் சப்பணம் கட்டி உட்கார்ந்தேன். முதலாளி பலசரக்குக் கடைப் படியில் ஏறி நின்றுகொண்டார். முதல் தடவை கார் கோட்டைத் தாண்டி ஒரு முழம் பின்னால் போனது. கைகளால் முழங்காலை அமுக்கிப் பிடித்திருந்தேன். டீச்சர் தானே பிரேக்கை மிதித்து நிறுத்தினார். "இதையும் வைப்போம்," என்றாள் மகள். "உருண்டா என்ன செய்றதுன்னுதானே யாரும் காட்றதில்ல." ஐந்தாம் தடவை கார் கோட்டிலிருந்து நேரே மேலேறியது. அந்த வீடியோவில் நான் சப்பணம் கட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பழக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் மேட்டுப் பாடத்துக்கு வருகிறார்கள்.

டீச்சருடைய காரின் டிங்கரிங், பெயின்ட், விளக்கு, பம்பர் எல்லாமாகத் தொண்ணூற்றையாயிரம் வந்தது. டீச்சர் வேண்டாம் என்றார். "எங்கட வீடியோவப் பாத்துத்தானே போனீங்க," என்று முதலாளி கராஜுக்கு முழுக் காசையும் கட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாதி நான், பாதி நீ. உன்ட காசுல மாசம் அஞ்சாயிரமா வெட்டுவன். சரியா?"

சரி என்றேன். வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று மாதம் வெட்டியாயிற்று. போன கிழமை மனைவிக்குச் சீட்டுக் காசு விழுந்தது. "அந்த மனுசன்ட கடனை ஒரேயடியாக் குடுத்துத் தொலைங்க, தூக்கமாவது வரும்," என்றாள். கூரைத் தகரம் மாற்ற வேண்டும், மழைக்கு முந்தி மாற்ற வேண்டும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். தகரம் இன்னும் இரண்டு வருடம் தாங்கும். கடன் இருக்கிற வரைக்கும் முதலாளி என்னை அனுப்ப மாட்டார் என்பதுதான் என் கணக்கு. அவர் மாதம் ஐயாயிரத்துக்கு மேல் வெட்டாததும் இதே கணக்கிலா, இல்லை வேறு ஏதாவது மனதில் வைத்திருக்கிறாரா என்று தெரியவில்லை. இன்றைக்கு மீதி முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.